மோதிர விரல்

கல்லூரியில் தமக்குப் பாராட்டு விழா நடக்கும் நாளில் எஸ்தர் ரூபாவதி காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தாம் நர்சிங் படித்த கல்லூரிக்கு வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டு, கடைசியில் தம் கைப்பழக்கத்தையே பயிற்சிக் கையுறைகளில் பதிந்து கொடுத்தவர் அவர். மாணவிகள் அந்தக் கையுறையை மாட்டினால், எஸ்தரின் விரலசைவு அவர்களுடைய விரல்களை நடத்திச் செல்லும்; அது யாருடையது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

ஊசி போட வந்த இளம் நர்ஸ் ஆமினா அந்தக் கல்லூரியில் படித்தவள்; இப்போது பயிற்சிக் கையுறை இல்லாமல் வெறுங்கையோடுதான் இருந்தாள். எஸ்தரின் வற்றிப்போன கையில் மோதிர விரலால் தடவி நரம்பைத் தேடினாள்.

“ஆள்காட்டி விரலால பாக்கலாம்லா தாயி?” என்றார் எஸ்தர்.

“எங்க காலேஜ்ல எல்லாரும் இப்படித்தாம்மா பாப்போம். ஏன்னு தெரியாது. ஆனா நரம்பு தப்பாது.”

எஸ்தருக்குத் தெரியும். வார்டுக் கதவில் நசுங்கிய நாளிலிருந்து அவருடைய ஆள்காட்டி விரலில் உணர்ச்சி இல்லை.

ஊசி வலிக்காமல் இறங்கியது.

“இன்னைக்கு காலேஜ்ல ஒரு பழைய மாணவிக்கு விழாம்மா. டூட்டி, போக முடியல,” என்றாள் ஆமினா.

எதிர்க் கட்டிலில் இன்னொரு நர்ஸ், அழுகிற குழந்தையின் கையை மோதிர விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எஸ்தர் அதையே பார்த்தார்.

“போவாண்டாம் தாயி. இங்கயே நடக்குல்லா.”