சொல்லிக்கொள்ளாமல்

ஒவ்வொருவராக எழுந்தார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். அவள் பக்கம் திரும்பாமலே வாசலைத் தாண்டினார்கள்.

ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மதியம்தான் கணவன் டெக்லனைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவள் நகக்கண்ணில் இன்னும் செம்மண் இருந்தது.

அவள் ஊரில், அயர்லாந்தில், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் வந்து கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போவார்கள். நூறு பேர் வந்தால் நூறு பேரும். கை வலித்துப்போகும்.

அந்த வலி இப்போது வேண்டியிருந்தது.

இங்கே சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை. துக்க வீட்டில் விடைபெறக் கூடாது. அது அவளுக்குத் தெரியும்.

எப்படித் தெரியவந்தது என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இந்தப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இருவரும் வந்த புதிதில், அவன் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் ‘போயிட்டு வர்றேன்’. அதை வைத்துக்கொண்டு ஊரையே சுற்றினான். மளிகைக் கடையில் சொன்னான். ஏ.டி.எம். காவலாளியிடம் சொன்னான். சிலிண்டர் போட வந்தவர் கிளம்பும்போது, தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு அவரிடமும் சொன்னான். அந்த மனிதர் சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அவளிடமும் தமிழில்தான். அவனுக்குப் பிரேயர் பொறுப்பு, முன்னாலேயே கிளம்பிவிடுவான். அவள் ‘வாங்க’ என்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை ஹெல்மெட்டோடு வாசலில் நிற்பான்.

போன தையில் பக்கத்து வீட்டுத் தங்கமணி டீச்சரின் அப்பா இறந்துபோனார். இருவரும் போனார்கள். மாலை வாங்கிப் போட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சரியாகவே நடந்தது. கிளம்பும்போது டெக்லன் தங்கமணியின் முன்னால் போய் நின்று கைகூப்பினான்.

“போயிட்டு வர்றோம் டீச்சர்.”

சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ அவன் தோளைத் தொட்டு வெளியே நகர்த்தினார்கள்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். துக்க வீட்டில் வருகிறேன் என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம்.

அன்று சாயங்காலமே முகம் சிவக்கத் தங்கமணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனான்.

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். காப்பி குடிச்சுட்டுப் போங்க” என்றாராம் அவர். அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“அன்னைக்கு எழவு வூட்டுல நின்னுக்கிட்டு வர்றோம்னு சொல்லிப்போட்டுப் போனாரு பாரு.”

“சும்மா இருங்கக்கா. அந்தம்மாவுக்குத் தமிழ் புரியும்.”

“புரியட்டுமே. நான் என்ன இல்லாததையா சொல்றேன்?”

புரிந்தது.

நேற்று முன்தினம் காலையிலும் அவன் சொன்னான். அவள் ‘வாங்க’ என்றாள். சிரித்துக்கொண்டே, நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னாள்.

பிரேயர் முடிவதற்குள் மைதானத்தில் சரிந்துவிட்டான்.

தையில் சொன்னது பலித்ததாம். நேற்று முன்தினம் சொன்னது பலிக்கவில்லை.

இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்துக்கொள்வது?

மேசையில் போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து அக்கா. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் பார்த்துவிட்டாள். இனி அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று காலையில் கேட்டாள்.

போனைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

பந்தல் காலியாகிக்கொண்டிருந்தது. பள்ளி முதல்வர் தலையைக் குனிந்தபடி போனார். பள்ளி பஸ் டிரைவர்கள் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார்கள்.

கடைசியாகத் தங்கமணி எழுந்தார். எல்லோருக்கும் டீ ஊற்றிக் காலியான பெரிய பிளாஸ்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். இவளைப் பார்க்கவில்லை. வாசல்வரை போனார். ஒரு காலைச் செருப்புக்குள் விட்டார்.

நின்றார்.

விட்ட காலையும் வெளியே எடுத்தார்.

திரும்பி வந்தார். நாற்காலிக்கு முன்னால் பிளாஸ்கை இறக்கி வைத்தார். கைகூப்பினார். கொஞ்சம் உயரமாக, கோயிலில் கூப்புவதுபோல நெற்றிக்குப் பக்கத்தில். டெக்லன் ஒருவன்தான் மனிதர்களைப் பார்த்து அப்படிக் கூப்புவான்.

“போயிட்டு வர்றனுங்க டீச்சர்.”

வாசலில் இருந்தவர்கள் குனிந்தபடியே நின்றுவிட்டார்கள்.

“ஏ புள்ள, தங்கமணி! என்ன பேச்சு பேசற?”

தங்கமணி திரும்பவில்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

“நாளைக்குக் காலைல இட்லி கொண்டுட்டு வர்றனுங்க” என்றார், வாசலுக்கும் கேட்கும்படி.

பிறகு நின்றார். பதில் வாங்காமல் நகரமாட்டேன் என்பதுபோல.

மேசையில் போன் மறுபடி அதிர்ந்தது. குப்புறக் கிடந்தபடியே ஓரத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

அந்தச் சொல்லை இனி எப்படி நம்புவது?

தங்கமணியின் கைகள் அப்படியே இருந்தன.

“வாங்க” என்றாள்.