கன்னத்தில் நீலம்

பிறவியிலேயே கைகள் இல்லாத ரெஜினா அக்கா வாயில் பிரஷைக் கவ்வி வரைவார். மாலை வகுப்பில் அவர் கேட்கும் வண்ணத்தைத் தோய்த்துப் பல்லிடுக்கில் வைப்பது என் வேலை. இன்று, நாளைய கண்காட்சிக்காகத் தன் அம்மாவின் முகத்தை முடித்துக்கொண்டிருந்தார். கன்னத்துக்குக் காவி கேட்டார். நீலம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நீலத்தைத் தோய்த்து வைத்தேன். பிரஷைக் கவ்வியபடி பேச முடியாது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். பார்க்காததுபோல் டப்பாவை மூடினேன். பெயின்ட் படத்தின் மேலேயே சொட்டத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் கன்னத்தில் தீட்டிவிட்டார்.

“அடேயப்பா, இந்த நீலம்தான் படத்தையே தூக்கி நிறுத்துது! எப்படிம்மா தோணுச்சு?” என்று அக்காவிடம் கேட்டார் ஆசிரியர்.

அக்கா கேட்டது காவி என்று நான் சொல்லியிருக்கலாம். டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் வாயிலிருந்து நான் பிரஷை எடுத்ததும் அக்கா சிரித்தார். “இவளைக் கேளுங்க சார். எங்கம்மாவை இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

கையெழுத்து மட்டும் பாக்கி. பிரஷைக் கழுவி, “கையெழுத்துக்கு என்ன கலர்க்கா?” என்று கேட்டேன். நானாகவே கறுப்பைத் தோய்த்து நீட்டினேன். அக்கா உதடுகளை இறுக்கிக்கொண்டு படத்தையே பார்த்தார். நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.