விட்ட இடத்திலிருந்து

“ரிமோட்டைக் குடுங்க. இன்னிக்கு நான்தான் புதுத் தொடர் போடுவேன்” என்று அம்மா கையை நீட்டினாள்.

“எடுத்துக்கோ. ஆனா கேக் முடிஞ்ச பிறகு.”

“அந்தக் கேக் எந்தக் காலத்துல முடியுறது!”

லீவுக்கு வந்திருந்த மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் ஓட்டியே தலை நரைத்த அப்பா, தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைப் பக்கம் போகாத அப்பா, யாரோ கேக் செய்து போட்டி போடுகிற தொடரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசுகிற பாஷையும் அவருக்குப் புரியாது. கீழே வருகிற எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அது ஓடிப்போய்விடும்.

“முழுசாவாவது பார்க்க விடுறாரா?” என்று அம்மா பொரிந்தாள். “தினமும் நடுவுலேர்ந்துதான் ஆரம்பிப்பார். இன்னிக்கு மாவு கலக்குவாங்க, நாளைக்குப் பார்த்தா எவளோ பரிசு வாங்கிட்டு அழுதுட்டிருப்பா. ஒரு கேக்காவது வெந்து வந்து நான் பார்த்ததில்லை.”

“அப்பா, அம்மாவுக்கு ஒரு நாள் விட்டுக் குடுத்தாத்தான் என்ன? வீட்டுக்குள்ள சர்வாதிகாரம் பண்றீங்க.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனதும் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நெட்ல தொடர் பாக்குற இந்தக் கணக்கு உன் தம்பியோடதும்மா. அவன் போறதுக்கு முன்னாடி டிவியில போட்டுக் குடுத்தது. அவன் போன்லயும் இதேதான்.”

“சரி, அதுக்கு?”

“நாம நிறுத்தின இடத்துல இது நிக்காது. மறுநாள் பார்த்தா, எதுவரைக்கும் ஓடியிருக்குன்னு படத்துக்குக் கீழே காட்டுற இந்தச் சிவப்புக் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். அவன் பார்த்திருக்கான்னு அர்த்தம். வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டான், நல்லா இருக்கான். அவன் விட்ட இடத்துலேர்ந்து நான் பார்ப்பேன். எனக்கு அது போதும்.”

நிரந்தர வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைக்கப் போகிறேன் என்று நின்ற தம்பியை, “இந்த வாசல்படி மிதிக்காதே” என்று விரட்டியவர் இதே அப்பாதான். அவனும் லேசுப்பட்ட ரோஷக்காரன் இல்லை. வீட்டோடு பேச்சை அறுத்துக்கொண்டவன், அக்காவிடம் மட்டும் எப்போதாவது பேசுவான்.

மகள் பால்கனிக்குப் போய் அவனுக்குப் போன் போட்டாள்.

“டேய், நீ பாக்குற கேக் தொடரைத்தான் அப்பாவும் தினமும் பாக்குறார், தெரியுமா?”

“என்ன கேக்கு? அந்தக் கணக்கைத் திறந்தே மாசக்கணக்காச்சுக்கா. கடையைச் சாத்திட்டு வந்தா சாப்பிடவே தெம்பு இருக்கறதில்லை. நீ வேற!”

“அப்போ அந்தச் சிவப்புக் கோட்டை யாருடா நகர்த்துறது?” என்றபடி திரும்பினாள். காய்ந்த துணியை எடுக்க வந்த அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“கத்தாதடி. நான்தான்.”

“நீயா?”

“அவன் போனதுலேர்ந்து உங்கப்பா மோட்டுவளையைப் பார்த்துட்டே கிடந்தார். சோறும் இறங்கலை. ஒரு நாள் புதுசா ஏதாவது பார்க்கலாம்னு ரிமோட்டை எடுத்தேன், கைபட்டு இந்தக் கேக் ஓடிடுச்சு. சாயங்காலம் அதைப் பார்த்துட்டு, ‘பையன் பாக்குறான்டி’ன்னு சிரிச்சார். அதுக்கப்புறம் நிறுத்த எனக்கு மனசு வரலை. மத்தியானம் அவர் கண்ணசரும்போது சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன்.”

“அப்போ தினமும் சண்டை போடுறது?”

“போடலைன்னா சந்தேகம் வந்துடாதா?” அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “எனக்கும் ஏக்கமாத்தான் இருக்கு. நிஜமாவே அவன் ஒரே ஒரு நாள் பார்த்துட மாட்டானான்னு.”

அம்மா துணிகளோடு உள்ளே போன பிறகுதான் மகளுக்குக் கையிலிருந்த போன் ஞாபகம் வந்தது. அணைக்கவே இல்லை. காதில் வைத்தாள். தம்பியின் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் அப்பா படுக்கவில்லை. டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா ஹாலுக்கும் சமையலறைக்குமாக அல்லாடினாள்.

“செத்த நேரம் படுங்களேன்.”

“தூக்கம் வரலை.”

“காத்தாட ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

“காத்துக்குத்தானே ஃபேனைப் பழுது பார்க்கறேன்!”

சாயங்காலம் அவர் ரிமோட்டை எடுத்ததும் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“இன்னிக்கு ஒரு நாள் வேற ஏதாவது பார்க்கலாங்க. பேய்த் தொடரா இருந்தாலும் பரவாயில்லை.”

“கேக் முடிஞ்ச பிறகு.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். அம்மா டிவியைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பார்த்தியா! நேத்து விட்டதுக்கு அடுத்த பாகமே முடியப் போகுது. பையன் இன்னிக்கு ரொம்ப நேரம் பார்த்திருக்கான்.”

அம்மா சட்டென்று மகளைப் பார்த்தாள். ‘நான் தொடவே இல்லை’ என்று மகள் தலையாட்டினாள். அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“நேத்து நீ சொன்னதெல்லாம் அவன் போன்ல கேட்டுட்டான்மா.”

அம்மா வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல் நடுவிலிருந்து ஓட விடப் போக, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முதல்லேர்ந்து போடுங்க. என் பிள்ளை பார்த்ததை நான் பார்க்கணும்.”