படத்திலிருந்த அக்கா

"தொட்டில்லயே செத்த பொண்ணுக்கு வருஷா வருஷம் வயசைக் கூட்டி குடும்பப் படத்துல வரையச் சொல்றியே, கிறுக்காடி உனக்கு?" என்று பிரபு தன் மனைவியிடம் கத்தியது எதிர்மாளிகையில் இருந்த எங்களுக்கே கேட்டது. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தோம்.

"ஹெட்விக் மட்டும் தனியா நிக்கணுமா? பக்கத்துல அவ அக்கா ஊர்சுலா வேணாமா?" என்றாள் சீமாட்டி.

அந்தக் குடும்பப் படம்தான் வரன் தேடி அயல்நாட்டுக்குப் போனது. மாப்பிள்ளைக்கு மூத்தவளைத்தான் பிடித்ததாம். பெரிய இடத்துச் சம்பந்தம், பிரபு விடுவாரா? ஹெட்விக்குக்கு அக்காவின் பெயரை வைத்து வண்டியேற்றினார்.

"அம்மா, நான் ஹெட்விக்மா" என்று அவள் அழுதாள்.

"நல்லபடியா போய்ட்டு வா, ஊர்சுலா" என்றாள் சீமாட்டி.

மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று இப்போது பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள். மாதந்தோறும் தேவாலயத்தில் ஹெட்விக்கின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கிறாள். நாங்களும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருகிறோம்.