இரண்டு பெட்டிக்கு ஒரு ஆண்டெனா

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். அண்ணனாவது, தம்பியாவது" என்றார் டைம் கீப்பர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தபடி.

"ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள்தான் ஆகுது. கத்தினா தையல் பிரிஞ்சிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் மனைவி. ரேடியோ மேஜைக்குப் பின்னால் குனிந்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கேவா ஒட்டடை அடிக்கணும்?"

"பத்து நாளா வீட்டுல ஆள் இல்லையே. சிலந்தி குடும்பமே நடத்துது."

பஸ் நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் சொல்லும் வேலை அவருக்கு. மாலை ஆறு மணியானால் வீட்டிலும் ஒரு மைக். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அண்ணனோடு ஹாம் ரேடியோவில் பேச்சு. இருபது வருடப் பழக்கம்.

மேஜைமேல் இரண்டு பெட்டிகள். பேசுவதற்கு டிரான்ஸ்மிட்டர், கேட்பதற்கு ரிசீவர். மொட்டை மாடியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆண்டெனா. மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று கேட்கிற பெட்டி ஊமையாகும், ஆண்டெனா பேசுகிற பெட்டியோடு சேரும். விட்டால் மறுபடி 'டக்', கேட்கிற பெட்டிக்குத் திரும்பிவிடும். இப்படி மாற்றிவிடும் சின்னப் பெட்டியைச் செய்தது மனைவிதான். கடைத்தெருவில் டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அவருக்குப் பேசத்தான் தெரியும். மேஜைக்குப் பின்னால் எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். வரலையே. போன் பண்ணா எடுக்கவும் இல்ல. அப்படி என்ன தலை போற வேலை அவனுக்கு?"

"ஏதாவது காரணம் இருக்கும். முதல்ல அவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னியோட அத்து விட்டாச்சு."

"போன வருஷம் மேனேஜர்கிட்டயும் இப்படித்தான் வாய்க்கு வந்தபடி பேசினீங்க. அப்புறம் மூணு மாசம் தூங்காம புலம்பினது யாரு?"

அவர் மைக்கைக் கையில் எடுத்தார். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அண்ணனுக்குக் குடும்பம் குட்டி கிடையாது. இந்தத் தம்பியை விட்டால் நாதியில்லை. இவர் மட்டும் என்ன, அண்ணன் குரலைக் கேட்காத நாளில் சாப்பிட உட்கார்ந்தவர்தானா? ஒரு வார்த்தை போய்விட்டால் போனதுதான்.

கடிகாரம் ஆறு காட்டியது. அவர் பொத்தானை அழுத்தினார். டக்.

"உன்னை அண்ணன்னு கூப்பிடவே வாய் கூசுது" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடவில்லை. சின்ன வயதில் தன் மிதிவண்டியை அண்ணன் விற்றதில் தொடங்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து சேர நாலு நிமிடம் பிடித்தது. மனைவி மேஜையோரம் பின்பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. சாயங்கால வெயில் என்று நினைத்தார்.

"கடைசியாச் சொல்றேன். நான் செத்தா நீ வர வேண்டாம். நீ செத்தா நான் வர மாட்டேன். ஓவர்."

டக்.

எப்போதும் 'ஓவர்' கேட்டபிறகே வாய் திறக்கும் அண்ணனின் குரல், இன்று பாதி வாக்கியத்தில் வந்து விழுந்தது.

"...வாசல் வரைக்கும் வந்தேண்டா. அப்பாவை இதே மாதிரி வண்டியில படுக்க வெச்சு உள்ள தள்ளிட்டுப் போனாங்களே, அது ஞாபகம் வந்துடுச்சு. அவர் திரும்பி வரலையே. எனக்கு அடுத்த அடி வைக்கக் கால் வரல. எதிர் பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். நீ கண் முழிச்சிட்டன்னு நர்ஸ் சொன்னப்புறம்தான் பஸ் ஏறினேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன்கிட்ட பேசறதுன்னுதான் போனைக்கூட எடுக்கல. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன், தம்பி. பேசு. ஓவர்."

இவ்வளவு கேட்டும் திருப்பி ஒரு கடுஞ்சொல் இல்லை. தன் நாக்கை நினைக்க டைம் கீப்பருக்கே வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"ஒரு வயர் லூசா இருக்கு போல" என்று மனைவி மறுபடி மேஜைக்குப் பின்னால் குனிந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "அண்ணா, நான் இப்ப சொன்னது எதையும் மனசுல வெச்சுக்காத. புத்தி கெட்டுப் பேசிட்டேன். நீ நூறு வருஷம் இருக்கணும். ஓவர்."

டக். இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"என்னடா சொன்ன? ஆறு மணியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். உன் பக்கம் மூச்சே இல்ல. இப்பத்தான் உன் குரலே வருது. நாளைக்கு முதல் பஸ்ஸுல நான் வரேன். ஓவர்."

டைம் கீப்பர் மெல்லத் திரும்பினார். மேஜைக்குப் பின்னாலிருந்து மனைவி தலையில் ஒட்டடையோடு எழுந்தாள். கையில் துணி சுற்றிய ஒரு பல்பு. இன்னும் சூடு ஆறாததால் ஊதிக்கொண்டிருந்தாள்.

"இருக்கிறதே ஒரு ஆண்டெனா. நீங்க அழற வரைக்கும் அதைக் கேக்கிற பெட்டிக்கு மட்டும் குடுத்திருந்தேன்" என்றாள். "பேசற பெட்டியில ஆண்டெனாவுக்குப் பதிலா இதை மாட்டிட்டேன். நீங்க திட்டினதெல்லாம் இந்த அறுபது வாட்ஸ் பல்புக்குத்தான் போச்சு. நல்லா பிரகாசமா எரிஞ்சுதுங்க."