நவாபின் வால்

உள்ளே வைத்த முதல் அடியிலேயே பவுல்சாமி நாயின் வாலை மிதித்துவிட்டார்.

அது சின்னதாய் ஒரு முனகல் முனகியது. பஸ்ஸில் ஒரு பெரியவரை இடித்துவிட்டதைப் போலப் பதறிக் குனிந்தார்.

"சாரிப்பா, கவனிக்கல."

கதவோரம் நின்றிருந்த வீட்டுக்கார அம்மா அன்வரி பேகம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாயின் பெயர் நவாப். கறுப்பு லேப்ரடார். சாந்தோமில் பவுல்சாமி வீட்டில் ரோசி என்றொரு பெண் லேப்ரடார் உண்டு. இரண்டையும் சேர்த்துவிட்டால் குட்டிகள். குட்டிகளை விற்றால் தொழில். மொட்டைமாடிக் காளானும் வண்ணமீனும் காலை வாரிவிட்ட பிறகு மிச்சமிருந்த திட்டம் இதுதான். இதுவும் கவிழ்ந்தால் இனித் தொழில் என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி ஈவ்லின் சொல்லிவிட்டாள். கேட்கவேண்டியதை நேராகக் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

வீடியோ பார்த்துக் கற்றபடி பல்லைப் பார்த்தார். காதைப் பார்த்தார். ஒரு பாதத்தைத் தூக்கினார். நவாப் கைகுலுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து அடுத்ததையும் நீட்டியது. பார்த்தே ஆகவேண்டிய இடம் ஒன்று பாக்கி. ஒரு பெண்மணியின் எதிரில் அங்கே குனிந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டார்.

ஏன் விற்கிறீர்கள் என்றார். கிண்டியில் மகள் ருக்சார் வீட்டோடு போவதாகவும், அந்த அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை என்றும் சொன்னார் அன்வரி பேகம்.

இதுவரை எத்தனை முறை கிராஸுக்கு விட்டிருக்கிறீர்கள் என்றார். டீ வந்தது.

குட்டிகள் எப்படியிருந்தன என்றார். சமோசா வந்தது.

விலை கேட்டதற்கு, நவாபுக்குத் தயிர்சாதம் பிடிக்கும், இடி இடித்தால் மட்டும் யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும் என்று பதில் வந்தது.

நவாப் இதற்குள் பவுல்சாமியின் பாதத்தைத் தலையணையாக்கித் தூங்கிவிட்டது.

மரத்துப்போன காலை அசைக்காமல், கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றார் பவுல்சாமி. ரோசிக்கு இவன் ஆவானா, மாட்டானா?

அன்வரி பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இவனுக்கு ஆபரேசன் ஆயி ரெண்டு வர்சமாச்சு நைனா, குட்டியெல்லாம் ஆவாது. உனுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு கேட்டாண்டயே சொல்லி அனுப்பிட்டேன். நீ வாலை மிதிச்சிட்டு இவன்கிட்டயே சாரி கேட்ட பாரு... சொன்னா நீயும் பூடுவேன்னுதான் சொல்லல."