சீட்ஸேவின் சைக்கிள்

ஊர் அருங்காட்சியகத்தில் அந்தச் சைக்கிளைப் பார்த்ததும் கிழவி ஹில்யேவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜெர்மன் படை ஊரைப் பிடித்து வைத்திருந்த போர்க்காலத்தில் அவள் அண்ணன் சீட்ஸே அந்தப் படைக்கு எதிரான ரகசியப் பத்திரிகைகளைக் கொண்டுபோன சைக்கிள் அது. கிழிந்த இருக்கையைச் சிவப்புத் தோல் வைத்துத் தைத்தவளே அவள்தான். பக்கத்து வீட்டு ஹோக்ஸ்ட்ரா சீட்ஸேவை ஜெர்மன் படையிடம் காட்டிக்கொடுத்தான். அவர்கள் சீட்ஸேவைச் சுட்டுக் கொன்ற அன்றே ஹோக்ஸ்ட்ரா சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனான். இப்போது அதன்மேல், 'எதிர்ப்பு வீரர் ஹோக்ஸ்ட்ராவின் சைக்கிள்' என்று பலகை தொங்கியது.

"எத்தனையோ வருஷம் ஆச்சே, இனி எதுக்கும்மா இந்தப் பகை?" என்றார், அவள் சொன்னதையெல்லாம் கேட்ட அருங்காட்சியகக் காப்பாளர்.

"வருஷம் போனா காட்டிக்கொடுத்தவன் வீரனாயிடுவானா?"

அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டுச் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே நுழைந்தவர்களைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்:

"இங்க வாங்க. இது என் அண்ணனோட சைக்கிள். அவனைக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வச்சவன் பேரைத்தான் மேல எழுதி வச்சிருக்காங்க."